பஸ் வராததற்கு நான்தான் காரணம்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நாலு சொல்லுக்கு மேல் ஒரு வசனம் எழுத வராது என்று சொல்பவர்கள், அதே பிள்ளைகள் வீட்டுவேலை செய்யாமல் வந்ததற்குச் சொல்லும் சாட்டுப்போக்கை ஒருமுறை கேட்கவேண்டும். போன தவணை தரம் 7இல் ஒரு பொடியன் சொன்னது இது:

"ரீச்சர், மாடு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடினதால அதைத் தேடிப்போன அப்பா வரப் பிந்தினபடியா கடை பூட்ட முதல் கொப்பி வாங்கேலாமப் போச்சு."

மூச்சு விடாமல் சொன்னான். எல்லாம் ஒரே வசனம். அதற்குள் மாடு ஓடிவிட்டது, அப்பா தேடிப் போய்விட்டார், பிந்திவிட்டார், கடையும் பூட்டியாயிற்று. எது எதற்குக் காரணம், எது எதற்கு முந்தியது என்று ஒரு இடத்திலும் குழப்பமில்லை. ஒரு முக்கிய வசனத்தோடு மற்றவை கொளுவி நிற்கும் கலப்பு வசனத்துக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. மாடு உண்மையிலேயே ஓடியதா என்பது வேறு கதை.

அதையே ஆங்கிலத்தில் எழுதித் தா பாப்பம் என்றேன். எழுதினான்: "கௌ ரன். ஃபாதர் கோ. ஃபாதர் லேற். நோ புக்."

எண்ணங்களைக் கோர்க்க அவனுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. ஆங்கிலம் அப்படிக் கோர்க்கும் கொளுவிச் சொல்லை எங்கே வைத்திருக்கிறது என்றுதான் அவனுக்கு யாரும் காட்டவில்லை. நான் படிப்பிப்பது மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், தரம் 6 முதல் 9 வரை. தரம் 3இலிருந்தே ஆங்கிலப் பாடப்புத்தகம் கையில் இருப்பதால் என்னிடம் வரும்போது "மை நேம் இஸ்", "திஸ் இஸ் எ கௌ" எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தனி வசனம் எழுதுவார்கள். இரண்டைச் சேர்க்கச் சொன்னால்தான் பேனை நின்றுவிடும்.

சேர்க்க முயலும் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தால் வருத்தம் இன்னொரு இடத்தில் இருப்பது தெரியும். "பஸ் வராததால் நான் பிந்திவிட்டேன்" என்பதை என் வகுப்பில் பாதிப் பேர் இப்படி எழுதுவார்கள்: "த பஸ் டிட் நொட் கம் பிகோஸ் ஐ வோஸ் லேற்." சொற்கள் சரி, எழுத்துக்கூட்டல் சரி, காலமும் சரி. ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்தால், நான் பிந்தியபடியால் பஸ் வரவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பஸ் அவ்வளவு மரியாதை தெரிந்த பஸ் இல்லை.

இதைப் பிழை என்று சிவப்பால் வெட்டிவிட்டுப் போகலாம். வெட்டினால் அடுத்த கிழமையும் அதே பிழை வரும். ஏனென்றால் பிள்ளை தன் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறது. தமிழில் காரணம் முன்னுக்கு வரும், விளைவு பின்னுக்கு வரும். இரண்டையும் கொளுவும் "ஆல்" காரணத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ் வராதது, பிறகு ஆல், பிறகு நான் பிந்தியது. அந்த ஒழுங்கை அப்படியே வைத்து "ஆல்" இருந்த இடத்தில் "பிகோஸ்" போட்டால் மேலே சொன்ன வசனம் கிடைக்கும். தமிழ்க் கொளுவி தனக்கு இடப்பக்கம் இருப்பதைப் பிடிக்கும், ஆங்கிலக் கொளுவி வலப்பக்கம் இருப்பதைப் பிடிக்கும். இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. "சப்ஓடினேற் கிளோஸ்" (துணை வசனம்) என்று கரும்பலகையில் எழுதினால் அழகாகக் கொப்பியில் பார்த்து எழுதி, கீழே அடிமட்டம் வைத்துக் கோடும் கீறிவிடுவார்கள். அதோடு சரி.

நான் செய்வது இதுதான். பிரிஸ்டல் போர்ட்டில் இரண்டு நீளத் துண்டு வெட்டுவேன். மஞ்சள் துண்டில் காரணம்: "த பஸ் டிட் நொட் கம்". வெள்ளைத் துண்டில் விளைவு: "ஐ வோஸ் லேற்". சின்னச் சிவப்புத் துண்டில் "பிகோஸ்". மூன்று பிள்ளைகளின் முதுகில் ஊசியால் குத்திவிட்டு, கரும்பலகையைப் பார்த்தபடி நிற்கச் சொல்வேன். வகுப்பைப் பார்த்து நின்றால் அவர்களுடைய வலது கை எங்களுக்கு இடப்பக்கமாகிவிடும், பிறகு எல்லாம் குழம்பும். முதுகைக் காட்டி நின்றால் அவர்களுக்கும் வகுப்புக்கும் வலது ஒன்றுதான். சட்டம் ஒன்றே ஒன்று: சிவப்புப் பிள்ளை தன் வலது கையால் மஞ்சள் பிள்ளையின் கையைப் பிடிக்கவேண்டும், எங்கே போனாலும் விடக்கூடாது.

முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, பிறகு மஞ்சள். "ஐ வோஸ் லேற் பிகோஸ் த பஸ் டிட் நொட் கம்." வகுப்பு வாசிக்கும். சரி, இப்போது வெள்ளைக்கு முன்னால் வாருங்கோ என்றால், சிவப்பும் மஞ்சளும் கையை விடாமல் சோடியாகச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரவேண்டும். வந்ததும் நடுவில் ஒரு இடைவெளி விழும். அங்கே வகுப்பிலேயே சின்னப் பொடியன் போய்க் குந்துவான், அவன்தான் கொமா. சோடி பின்னுக்குப் போனதும் அவன் எழும்பித் தன் இடத்துக்கு ஓடிவிடவேண்டும். கொமா எப்போது போடுவது, எப்போது விடுவது என்று இதற்குப் பிறகு என்னிடம் கேட்பதில்லை. யார் கொமாவாக இருப்பது என்ற சண்டையைத் தீர்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலை.

நாற்பது நிமிடப் பாடத்தில் இதற்கே பாதி போய்விடும். போகட்டும்.

பிகோஸில் இன்னொரு முடிச்சும் உண்டு. "நான் பிந்திவிட்டேன். ஏனென்றால் பஸ் வரவில்லை." தமிழில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு "ஏனென்றால்" என்று புதிதாகத் தொடங்கினால் ஒரு குறையும் இல்லை. மேலே நானே அப்படி எழுதியிருக்கிறேன். அதே பழக்கத்தில் "ஐ வோஸ் லேற்." என்று புள்ளி வைத்துவிட்டு "பிகோஸ் த பஸ் டிட் நொட் கம்." என்று அடுத்த வசனம் போடுவார்கள். எழுத்து ஆங்கிலத்தில் அது அந்தரத்தில் தொங்கும், பரீட்சையில் புள்ளி குறையும். ஆனால் பேச்சில் ஏன் பிந்தினாய் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டு, பிள்ளை "பிகோஸ் த பஸ் டிட் நொட் கம்" என்று மட்டும் சொன்னால் அது முழுக்கச் சரியான பதில். ஆகவே வாயால் சொல்லும்போது ஒருநாளும் திருத்தமாட்டேன். கொப்பியில் என்றால் அந்த முற்றுப்புள்ளியை மட்டும் அழிக்கச் சொல்வேன். வாய் திறந்த பிள்ளையைப் "முழு வசனத்தில் சொல்லு" என்று நிறுத்தும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தமிழில் நாங்கள் யாராவது முழு வசனத்தில் பதில் சொல்கிறோமா?

பிகோஸ் கைவந்தால் "வென்", "பிஃபோ", "ஆஃப்ரர்" எல்லாம் அதே சிவப்புத் துண்டு, அதே வலது கை. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாயும்போது எல்லாரும் பார்க்கப் போவார்கள் என்பதை எழுதச் சொன்னால் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, போகாத பிள்ளை இல்லை.

"இஃப்" வரும்போது காலம் கழுத்தைப் பிடிக்கும். "மழை பெய்தால்" என்பதற்குள் "பெய்த" இருக்கிறது, பார்த்தால் இறந்தகாலம் போல. அதனால் சிலர் நாளைய மழைக்கு "இஃப் இற் ரெயின்ட்" என்று எழுதுவார்கள். இன்னும் சிலர், நாளைக்குத்தானே என்று யோசித்து "இஃப் இற் வில் ரெயின்" என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: எங்களிடம் இருப்பது ஒரேயொரு "வில்", அதை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று, இஃப் பக்கத்துக்கு மிச்சமில்லை. "இஃப் த எலிஃபன்ற்ஸ் கம் ருநைற், மை ஃபாதர் வில் லைற் எ கிராக்கர்." யானைவெடி கொளுத்தும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இந்த வசனம் மறக்காது. பாடப்புத்தகத்தில் பிக்னிக் போவது பற்றித்தான் இருக்கும். நல்ல காலநிலை என்றால் பிக்னிக் போவோமாம்.

எனக்குப் பிடித்தது "ஹூ", "விச்", "தற்" பாடம். அதை வகுப்பறைக்குள் வைப்பதில்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குக் கீழே சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் கறுப்பு, இல்லாவிட்டால் கறல். நிறத்தைச் சொல்லி அடையாளம் காட்டமுடியாது என்பதுதான் அதிலுள்ள வசதி. ஒரு பிள்ளை ஒரு சைக்கிளை மனதில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், மற்றவர்கள் ஓடிப்போய் அதைத் தொடவேண்டும்.

தமிழில் "பெல் இல்லாத சைக்கிள்" என்று விவரம் முழுவதும் முன்னால் வந்துவிடும். எவ்வளவு நீளமான விவரமாக இருந்தாலும் முன்னால்தான். ஆங்கிலத்தில் "ஓல்ட்", "பிக்" மாதிரிச் சின்னச் சொல் முன்னால் நிற்கும். வினை ஒன்று வந்துவிட்டால் விவரம் முழுவதும் பின்னால் போய்விடும். முதல் நாள் "பெல் நோ பைசிக்கிள்" என்றுதான் வரும். பிறகு "த பைசிக்கிள் தற் இற் ஹாஸ் நோ பெல்" என்று ஒரு "இற்" கூடுதலாக ஒட்டிக்கொண்டு வரும். "தற் வந்தாச்சு, இற் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிச் சொல்லித்தான் அது போகும். கடைசியில் "த பைசிக்கிள் தற் ஹாஸ் நோ பெல்". எல்லாரும் ஓடினார்கள். பெல் இல்லாத சைக்கிள் ஏழெட்டு நின்றது. காணாது, இன்னும் சொல்லு என்று கத்தினார்கள். அந்தக் "காணாது" எனக்குத் தேவை. விவரம் காணாதபோதுதான் வசனம் நீளவேண்டும், ரீச்சர் நீளமாக எழுதச் சொன்னார் என்பதற்காக இல்லை. "த பைசிக்கிள் தற் ஃபெல் இன்ரு த கனல்" என்றான் ஒருவன். வாய்க்காலுக்குள் விழுந்தது யாருடையது என்று ஊருக்கே தெரியும், ஒரே ஓட்டம்.

அமைதியாக நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "த பைசிக்கிள் மை பிரதர் றோட் பிஃபோ ஹீ வென்ற் ரு கட்டார்." அண்ணா கட்டாருக்குப் போக முதல் ஓடின சைக்கிள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு துணை வசனம். அதில் "தற்" இல்லையே என்று முன்வாங்கில் ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அந்த இடத்தில் அதை விடலாம். அண்ணா ஓடினார், சைக்கிள் ஓடப்பட்டது. விவரிக்கப்படும் பொருளே வினையைச் செய்தால்தான் விடமுடியாது. பெல் இல்லாத சைக்கிளில் சைக்கிளே எழுவாய் என்பதால் அங்கே தற் கட்டாயம். இதை தரம் 7க்கு விளக்கப் போகவில்லை. அவள் சொன்னது சரி, நீ போடவேண்டும் என்று சொல்வதும் சரி என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன்.

தன் நாய்க்கு "விச்" போட மாட்டேன், "ஹூ"தான் போடுவேன் என்று ஒருவன் அடம்பிடித்தான். பெயர் வைத்து வளர்க்கும் பிராணிக்கு ஆங்கிலேயர்களே ஹூ போடுவார்கள், போடு என்றேன்.

"இருந்தாலும்" என்பதற்கு வரும் "ஓல்தோ" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரம் 8 முடியும்வரை தொடமாட்டேன். தொட்டாலும் "ஓல்தோ ... பட்" என்று இரண்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள், ஒன்று போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை அதற்குக் கொடுக்கும் உதாரணம். காலங்காலமாக ஒன்றுதான்: அவன் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன். கூலிவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை முன்னால் இருத்திவைத்து இந்த வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏழையாக இருந்தால் நேர்மை இருப்பது என்ன அதிசயம்? குளம் நிறைந்திருந்தாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் அந்த "ஓல்தோ"வுக்கு ஒரு வேலை இருக்கிறது.

இணைக்குக என்று வரும் பயிற்சிகளிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. "ராம் இஸ் எ போய். ஹீ இஸ் ரோல். ஹூ பயன்படுத்தி இணைக்குக." பத்துக்குப் பத்து எடுப்பார்கள். அதே பிள்ளை அடுத்த நாள் சொந்தமாக ஒரு பக்கம் எழுதினால் அதில் ஒரு ஹூ இருக்காது. யாரோ எழுதிய இரண்டு வசனத்தைத் தைப்பதற்குச் சொல்ல ஒரு விசயமும் தேவையில்லை, ஊசி போதும்.

மறுபக்கம், நீளத்தைக் கண்டு ஏமாறவும் கூடாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனதைப் பற்றி எழுதச் சொன்னால் வைகாசியில் எனக்கு வரும் கொப்பிகளில் "அன்ட்" மழை. போனோம் அன்ட் கும்பிட்டோம் அன்ட் கச்சான் வாங்கினோம் அன்ட் தம்பி தொலைந்தான் அன்ட் கண்டுபிடித்தோம். ஒரு பக்கம் முழுக்க ஒரே வசனம், ஆனால் ஒன்றுக்கொன்று ஒரு தொடர்பும் இல்லை. தம்பி தொலைந்ததும் கச்சான் வாங்கியதும் ஒரே தரத்தில் நிற்கின்றன. அதில் இரண்டே இரண்டு அன்டைத் தெரிந்தெடுத்து வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் "எப்ப?" அல்லது "ஏன்?" என்று எழுதிவிடுவேன். அம்மா கச்சான் வாங்கிக்கொண்டு நின்றபோது தம்பி தொலைந்தான் என்று திருத்தி வந்தது. அது போதும். மற்ற அன்ட்கள் இருக்கட்டும். எல்லாவற்றையும் கலப்பு வசனமாக்கினால் வாசிக்கிறவருக்கு மூச்சுமுட்டும்.

இப்படித் திருத்துவதால் பெற்றோர் கூட்டத்தில் எனக்குக் கேள்வி வரும். ஒரு தாய் கொப்பியைப் புரட்டிவிட்டுக் கேட்டா, "ரீச்சர், சிவப்பையே காணேல்லை, திருத்துறேல்லையோ?" அவ 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதினவ. அந்த வருடம் புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தபிறகு பரீட்சை. ஆங்கிலத்தில் தான் கோட்டைவிட்டதை மகள் விடக்கூடாது என்று நினைக்கிறா. அந்த நினைப்புக்கு முன்னால் வட்டம் போடும் தத்துவமெல்லாம் பேசமுடியாது. மகளைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு ஒவ்வொரு வசனத்தையும் தாய்க்குத் தமிழில் சொன்னாள். தாய்க்கு ஓரளவு திருப்தி. முழுத் திருப்தி இல்லை, அடுத்த தடவை கொஞ்சம் கூடச் சிவப்புப் போடுங்கோ என்றுதான் சொல்லிவிட்டுப் போனா.

ரியூசன் விடயம் தனி. கட்டுரைகளைப் பாடமாக்கிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. "மை மதர்" கட்டுரையில் ஓல்தோ, வெயார்ஆஸ், நொட் ஒன்லி பட் ஓல்சோ எல்லாம் இருக்கும். எழுதின பிள்ளைக்கு அதில் ஒன்றுக்கும் பொருள் தெரியாது. சாதாரண தரத்தில் படம் ஒன்றைக் கொடுத்து அதைப் பார்த்து எழுதச் சொல்லும்போது படத்தில் அம்மா இல்லாவிட்டால் கதை முடிந்தது.

இனி எனக்கு மிச்சமிருக்கும் தலையிடி "என்று". அப்பா "நாளைக்கு வாறன்" எண்டு சொன்னவர் என்பதை அப்படியே எழுதினால் "ஃபாதர் செட் ஐ வில் கம் ருமொரோ" என்று வரும். வரப்போவது அப்பாவா பிள்ளையா? தமிழில் "என்று" போட்டால் அடுத்தவர் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே வைக்கலாம், "நான்" நானாகவே இருக்கும். ஆங்கிலத்தில் மேற்கோள்குறி இல்லாவிட்டால் ஐ, ஹீ ஆகவேண்டும், வில், வுட் ஆகவேண்டும், நாளையும் அடுத்த நாளாகவேண்டும். இதற்குப் பிரிஸ்டல் போர்ட் காணாது. ஒருவர் காதில் சொல்ல, அவர் மூன்றாமவருக்குப் போய்ச் சொல்லி, யார் வரப்போகிறார் என்று மூன்றாமவர் கையைக் காட்டவேண்டும், பிழையான ஆளைக் காட்டினால் செய்தி கொண்டுவந்தவர் தோற்றார் என்று ஒரு விளையாட்டு யோசித்து வைத்திருக்கிறேன். மாரி தொடங்கி ஒழுங்கை வெள்ளத்தில் மூழ்கினால் வகுப்பில் பாதி வராது என்பதால், அதற்கு முதல் தொடங்கிவிடவேண்டும்.